முகம் விழாத படங்கள்

கேமரா வாங்கியவுடன் அதற்கு நான் செய்த முதல் மரியாதை, அதைக் கீழே போட்டது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கிய மடக்குக் கேமரா அது. பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஒரு மில்லில் எனக்குக் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை சாயந்தரம் பஸ் ஏறிக் காங்கேயத்தில் இறங்கி, வெள்ளகோவில் பாதையில் மாட்டுவண்டி பிடித்து ஊர் போய்ச் சேருவேன். என் மனைவி, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தம்பிக்குக் காடும் மாடும். எனக்குக் கேமரா.

முதல் வருஷம் நான் எடுத்த படங்களைப் பார்த்தால், எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் தலையே கிடையாது என்று நினைக்கத் தோன்றும். தலை விழுந்த படங்களில் என் கட்டைவிரலும் கூடவே விழுந்திருக்கும். மாடுகள் மட்டும் நன்றாக வந்தன. அவை நான் சொன்னபடி நிற்காதது ஒருவேளை காரணமாக இருக்கலாம். "மாட்டுக்குப் படம் புடிக்கறவரு" என்று ஊரில் பெயர் வந்துவிட்டது. நானும் அதைப் பட்டம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவ்வளவும் சிரிப்பதற்கு. இனிச் சொல்லப்போவதில் சிரிக்க அவ்வளவு இல்லை. நான் சொல்வதால் எங்காவது சிரிப்பு வந்தால், அது என் வாயின் கோளாறு.

எங்கள் வீட்டு வழக்கப்படி புருஷனுக்கு அண்ணன் ஆனவர் முன்னால் பெண்கள் முகம் காட்டி நிற்கமாட்டார்கள், பேசமாட்டார்கள். தம்பிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் தம்பி மனைவியை நான் பார்த்ததெல்லாம் புறங்கழுத்தும், கதவோரம் மறைகிற சேலைத் தலைப்பும்தான். அவள் சமைத்ததைத் தின்று உடம்பு வளர்த்தேன். ஆனால் சந்தையில் எதிரே வந்தால் யாரோ என்று விலகிப் போயிருப்பேன்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு வீட்டாரையும் காளைகளையும் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். அவள் கடைசியில், தம்பிக்கு ஓர் அடி பின்னால் நின்றாள்.

"நிமிரச் சொல்லப்பா" என்றேன்.

"சொல்லிப் போட்டனுங்ணா. மாட்டேங்கறா."

படம் அற்புதமாக வந்தது. காளைக் கொம்பில் கட்டிய பூவைக்கூட இதழ் இதழாகப் பார்க்கலாம். அவள் தலையில் வகிடு நூல் பிடித்தாற்போல் தெரிந்தது. முகம் இல்லை. முகம் இல்லாததை அப்போது நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. மில்லில் எல்லோரிடமும் காட்டி, "என்னமாத் துலக்கமா விழுந்திருக்குது பாருங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

மாசியில் அவளுக்கு இருமல் கண்டது. பிறகு அந்திக்கு அந்தி காய்ச்சல். கோயமுத்தூருக்கு அழைத்துப் போய்க் காட்டியபோது டாக்டர் தம்பியைத் தனியே கூப்பிட்டு, சயரோகம், ரொம்ப முற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தென்புறத்து அறையில் கட்டில் போட்டு அவளைத் தனியே வைத்தோம். தட்டு, டம்ளர் எல்லாம் தனி.

அடுத்த வாரம் நான் வண்டியை விட்டு இறங்கும்போதே தம்பி பாதையில் நின்றிருந்தான்.

"ஏனுங்ணா, அவளை ஒரு படம் புடிச்சுப் போடலாமுங்களா? மூஞ்சி தெரியற மாதிரி."

"பொங்கலுக்கு எடுத்தோமே" என்றேன்.

"அதுல வகிடுதானுங்ணா இருக்குது."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வாய் எனக்கு. அன்று அது யோசனை சொல்லப் பார்த்தது.

டவுனிலிருந்து படக்காரரைக் கூட்டி வரலாமா என்று கேட்டேன். "சீக்காளியாக் கெடக்கறத எவனோ வந்து பாக்கோணுமான்னு அழுகறாளுங்ணா" என்றான். என் மனைவியிடம், நான் எல்லாம் சரிப்படுத்திக் கொடுக்கிறேன், நீ விசையை மட்டும் அமுக்கு என்றேன். அவள் கேமராவைப் பார்த்த பார்வையில் கேமராவே மடங்கியிருக்கும்.

"படம் புடிச்சா ஆயுசு கொறையுமுங்க. அவளுக்குக் கொறையறதுக்கு இன்னும் என்னங்க இருக்குது?"

மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான். அவனுக்குக் காளையின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரியும். கேமராவுக்கு எது முன், எது பின் என்று தெரியாது. ஏற்பாடு இப்படி: தம்பி அவளை முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார வைத்ததும், நான் முதலில் தென்புறத்து அறைக்குள் போவேன். கட்டிலில் அவள் தலை வரும் உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, மேலே ஒரு பூசணிக்காயை வைத்து, அதன்மேல் கேமராவின் தூரத்தையும் வெளிச்சத்தையும் சரிபார்ப்பேன். பிறகு பூசணிக்காயோடு வெளியே வந்து, மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரையில் முதுகு காட்டி நின்றுகொள்வேன். அவள் உள்ளே போய் உட்காருவாள். தம்பி விசையை அமுக்குவான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, காளைகளைப் பார்த்தபடி உள்ளே இருப்பவனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்னப்பா செய்யறே?"

"பாத்துட்டு இருக்கறனுங்ணா."

"எதை?"

"அவளைத்தானுங்ணா."

"அவளை மூணு வருசமாப் பாத்துட்டுத்தானே இருக்கறே? பொட்டியைப் பாரு!"

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. உடனே அது இருமலாக மாறியது. நெடுநேரம் இருமினாள். காளை என்னை ஒரு மாதிரி பார்த்தது.

அந்தச் சுருளைக் கோயமுத்தூரில் கழுவக் கொடுத்தேன். தம்பி அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருந்தான். நடுவில் பிலிமைச் சுருட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டான். எல்லாப் படமும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கட்டில்மேல் ஒரு புகை உட்கார்ந்திருந்தது. சுருட்டச் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் சுருட்டுவதற்கு நன்றாகவே பழக்கிவிட்டேன். ஆனால் அன்று அவளால் உட்கார முடியவில்லை. தம்பி கட்டிலை நகர்த்தி, அவளைச் சுவரோரம் சாய்த்துப் படுக்க வைத்தான். பூசணிக்காய் இருந்த இடத்தில் அவள் இல்லை. படத்தில் சுவரில் சாய்த்திருந்த முறம் அவ்வளவு துல்லியம், ஒவ்வொரு சிம்பாக எண்ணலாம். முறத்துக்கு முன்னால் மங்கலாக ஏதோ ஒன்று, பனிமூட்டத்தில் மறந்து போட்டுவிட்டு வந்த துணி போல. கடையில் அதை என் கையில் கொடுத்த ஆள், "மொறத்தை எதுக்குங்க படம் புடிச்சீங்க?" என்று கேட்டார். வியாபாரத்துக்கு என்றேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு சித்திரை வெயில். இம்முறை எதையும் விடக்கூடாது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டேன். எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, வெளிச்சம் அதில் பட்டு அவள் முகத்தில் விழும்படி செய்தேன். கேமராவிலிருந்து பூசணிக்காய் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, அதன் நுனியில் முடிச்சுப் போட்டுத் தம்பியிடம் கொடுத்தேன்.

"அவ உக்காந்தாலும் செரி, படுத்தாலும் செரி. இந்த முடிச்சு அவ நெத்தியில தொடோணும். தொட்ட பொறவு கயித்தை எடுத்துப்போட்டு அமுக்கு."

அவன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அவ படத்தைப் பாக்கோணுங்கறாளுங்ணா. கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போனா அடுத்த வாரமாயிருமுங்களே" என்றான்.

பிலிம் கழுவும் மருந்துப் பொட்டலங்களை நான் கையோடு கொண்டு வந்திருந்தேன். மார்கழியில் பிலிமை நானே கழுவிப் பழகியிருந்தேன், ஒன்றிரண்டு நன்றாகவும் வந்திருந்தன. "இன்னைக்கு மத்தியானமே காட்டிரலாம்" என்றேன்.

கட்டுத்தரையில் போய் நின்றேன். அன்று நான் எந்த உத்தரவும் போடவில்லை. உள்ளே தம்பி ஏதோ சொன்னான், அவள் ஏதோ சொன்னாள். விசை விழும் சத்தம் கேட்டது, பிலிம் சுருளும் சத்தம், மறுபடி விசை. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தானியம் போட்டு வைக்கும் அறையில் கதவிடுக்கெல்லாம் சாக்கை அடைத்து, லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றி, பிலிமின் இரு முனைகளையும் பிடித்து மருந்துத் தட்டில் மேலும் கீழும் இழுத்தேன். வேர்வை மூக்கு நுனியிலிருந்து மருந்திலேயே சொட்டியது. எல்லாம் முடிந்து, வாசலில் இருந்த அண்டாத் தண்ணீரில் அலசி, வெயிலுக்கு நேரே பிலிமைத் தூக்கிப் பிடித்தேன்.

முகம் இருந்தது.

"உழுந்துருச்சு! மூஞ்சி உழுந்துருச்சப்பா!" என்று கத்தினேன். தம்பி ஓடி வந்தான். கிட்டே வந்து பார்க்கவில்லை, அப்படியே திரும்பித் தென்புறத்து அறைக்கு ஓடினான். "நல்லா வந்துருச்சாம் புள்ளே" என்று அவன் சொல்வது கேட்டது. என் மனைவிகூடச் சமையல்கட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள்.

பிலிம் காய்ந்தால்தான் காகிதத்தில் படம் போட முடியும். சீக்கிரம் காய வேண்டும் என்று துணி காயப்போடும் கொடியில், நல்ல வெயிலில், அதைத் தொங்கவிட்டேன். காகிதத்தை எடுத்துவர உள்ளே போனேன்.

பிலிமின் மேல் படம் தங்குவது ஒரு பசையில். மார்கழிக் குளிரில் கல்லாக நிற்கும் அது, சித்திரையில் அண்டாத் தண்ணீரிலேயே இளகியிருக்கிறது. நான் அதைக் கொண்டுபோய் வெயிலில் தொங்கவிட்டிருக்கிறேன். திரும்பி வந்தபோது பால் ஆடை வழுக்குவது போல அது பிலிமை விட்டு நழுவிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கையால் தாங்கினேன். தாங்கிய இடமும் குழம்பிக் கையில் ஒட்டியது. கண்ணாடி போன்ற வெறும் பிலிம் காற்றில் ஆடியது.

தம்பி பின்னால் வந்து நின்றான். "காஞ்சுருச்சுங்களாண்ணா?"

நான் கையைக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் ஏதோ பசை. அதையும் பிலிமையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தென்புறத்து அறைக்கு என்னால் போக முடியாது, அவனும் போகவில்லை. இரண்டு பேரும் கொடியடியில் நின்றோம்.

அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. தம்பி வழியாக இல்லை. நேரே என்னிடம்.

"மாமா."

என்னையறியாமல் அறைக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"பரவால்லீங்க மாமா. அடுத்த வாரம் எடுத்துக்கலாமுங்க. அதுக்குள்ள பூசணிக்காயக் கொழம்பு வெச்சுப் போடாதீங்க."

இருமல் வந்து மேலே பேசவிடவில்லை. கேலி பேசுவதில் என்னை மிஞ்ச வீட்டில் ஆள் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். "செரியம்மிணி" என்று சொல்ல முயன்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

அந்த வாரத்தின் நடுவிலேயே மில்லுக்கு ஆள் வந்து சொன்னான். பஸ் கிடைத்து நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடித்துவிட்டுக் குளித்து வந்திருந்தார்கள். வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். என் தோளில் கேமராப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்குத் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. என் மனைவி அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஆடிக் காற்று அடிக்கும்போது தம்பி கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்தான். காளைகள் பாரிச் சரிவில் இறங்கி ஏற, தோல்பறி நிறையத் தண்ணீர் வந்து வாய்க்காலில் கொட்டியது. நான் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். இடையில் அவன் காளைகளை நிறுத்தினான்.

"ஏனுங்ணா, அன்னிக்கு வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்தீங்களே. எப்படி இருந்தா?"

பிலிமில் எல்லாம் மாறித் தெரியும், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும் என்று முதலில் விளக்கினேன். கேட்டுக்கொண்டான்.

"முடியெல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. பல்லு கறுப்பு. ஆயுசு முச்சூடும் வெத்தலை போட்டாப்பல. பேரன் பேத்தி எடுத்த கெழவியாட்டம் சிரிச்சுட்டு இருந்தா தம்பி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. தம்பி கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"கெழவியாட்டமுங்களா?"

"ஆமா."

"கன்னத்துல குழி உழுந்துச்சுங்களா?"

நான் பார்த்தது கண் மூடித் திறக்கும் நேரம். அதற்குள் கத்தத் தொடங்கிவிட்டேன். குழி விழுந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

"உழுந்துச்சு தம்பி" என்றேன். "ரண்டு கன்னத்துலயும்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. காளைகள் வாலை வீசிக்கொண்டு நின்றன.

"ரண்டுலயும் இல்லீங்ணா" என்றான். கயிற்றை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தன் இடது கன்னத்தில் வாய்க்குச் சற்று மேலே விரலை வைத்துக் காட்டினான். "இங்க மட்டுந்தானுங்ணா."

அந்த இடத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவன் காளைகளை ஓட்டினான்.