கொங்கணக் கரைக்கு எட்டுப் பெட்டி ரொட்டி

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு யூதப் பெண்மணி. மும்பைக்குத் தெற்கே, கொங்கணக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கணவரின் ரயில்வே வேலையால் பெரம்பூரில் பதினாலு வருடம் இருந்ததால், அவர் தமிழ் என் கோயம்புத்தூர்த் தமிழைவிடச் சத்தமாக இருக்கும். நாங்கள் குடிவந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாம்மா, சுடுதண்ணி வருதா?" என்று கேட்டார். பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என் கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய ஊரில் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. சில இங்கே. ஊரில் மிஞ்சியது மூன்று வீடுகளும் ஒரு ஜெப ஆலயமும்தான். அதை மூடவிடாமல் பார்த்துக்கொள்வது வெளிநாட்டில் இருப்பவர்கள். இஸ்ரேல்காரர்கள் கூரை ஓடு மாற்றிக் கொடுத்தார்கள். இங்கிருந்து ஜெபப் புத்தகங்கள் போகும். ஆன்ட்டியின் வேலை ஆள் சேர்ப்பது. கூட்டுப் பிரார்த்தனைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டுமாம். ஊரில் இருப்பது நாலு பேர். பண்டிகை வந்தால் ஆன்ட்டி நியூ ஜெர்சியிலிருந்து மும்பையில் உள்ள உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு, கெஞ்சி, மிரட்டி, மீதி ஆறு பேரை ஊருக்கு அனுப்புவார்.

பஸ்கா பண்டிகைக்கு அவர்கள் புளிக்காத மாவில் செய்த மெல்லிய ரொட்டிதான் சாப்பிட வேண்டும். முன்பெல்லாம் ஊரிலேயே சுட்டார்கள். சுட்ட கைகள் கடல் கடந்துவிட்டதால் வருடா வருடம் இங்கிருந்து பார்சல் போகும். அந்த வருடம் பார்சல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. நானோ தம்பி கல்யாணத்துக்காக மும்பை வழியாகக் கோவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"உன் பெட்டில எடம் இருக்குமா?" என்று ஆன்ட்டி கேட்டார். அதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"எவ்ளோ வேணா குடுங்க ஆன்ட்டி."

"எட்டுப் பெட்டி. உடையக்கூடாது. பூஜைத் தட்டுல வெக்க மூணு முழுசா இருக்கணும்."

ரொட்டியைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. சதுரமான அப்பளம், அவ்வளவுதான். என் அம்மா முப்பது கிலோ பெட்டியில் ஒரு அப்பளம்கூட உடையாமல் அமெரிக்காவுக்கு அனுப்பியவர். நான் கல்யாணத்துக்கு வாங்கிய துண்டுகளைச் சுற்றி, நடுவே பெட்டிகளை நிறுத்தி வைத்தேன். ஓரத்தில் சந்து இருந்தது. தம்பிக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டுகளை அதில் செருகப் போனேன்.

"ஐயோ, பிஸ்கட்டா! புளிச்ச மாவு பக்கத்துலயே வரக்கூடாது. எடு, எடு!" ஆன்ட்டி கிட்டத்தட்டப் பாய்ந்தார்.

"சீல் பண்ண பாக்கெட்தானே ஆன்ட்டி?"

"இருக்கட்டுமே. என் மனசு கேக்காது."

மடி பார்க்கும் என் சித்தி நினைவுக்கு வந்தார். பிஸ்கட்டை எடுத்துவிட்டு சாக்ஸ்களைச் செருகினேன். பன்னிரண்டு வயது மகள் கதவருகே நின்று, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் கிராக்கர்ஸ்" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தோம்.

மும்பை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார். துண்டுகளுக்கு நடுவே எட்டு அட்டைப் பெட்டிகள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் யூதர் பண்டிகை, ரொட்டி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கொங்கண் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் கை நின்றது. அவரும் அந்தப் பக்கத்துக்காரராம். அவர் தாத்தா காலத்தில் அந்த ஜனங்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்' என்பார்களாம். செக்கு வைத்திருந்தவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கை ஓட்டமாட்டார்கள். "இன்னும் அங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார். மூன்று வீடு என்றேன். அவரே துண்டைச் சுற்றிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

வெளியே ஆன்ட்டியின் தம்பி காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். கார் நிறுத்துமிடத்திலேயே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆறு பெட்டிகளில் சத்தமில்லை. இரண்டு கலகலத்தன. "இது போதும், இது போதும்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து நான் திரும்பி வந்த மறுவாரம் பண்டிகை. சூரியன் மறைந்து பண்டிகை தொடங்கிவிட்டால் அவர்கள் போனைத் தொடமாட்டார்கள், அதனால் அதற்கு முன்பே வீடியோ கால். அங்கே சாயங்காலம், இங்கே காலை எட்டரை. ஆபீசுக்கு லேட்டாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி வீட்டு மேஜையில் உட்கார்ந்தேன். திரையில் ஜெப ஆலயத்தின் வெள்ளையடித்த சுவர், விளக்குகள், தட்டில் மூன்று முழு ரொட்டிகள். ஆன்ட்டி ரொட்டியைப் பார்க்கவே இல்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒம்போதுதான் வருது. பாந்த்ராக்காரன் எங்க?"

மும்பையிலிருந்து வரும் படகைத் தவறவிட்டுப் பஸ் பிடித்திருக்கிறானாம். போன் எடுக்கவில்லையாம். ஆன்ட்டியின் தம்பி வாசலுக்குப் போனை எடுத்துப் போய்த் தெருவைக் காட்டினார். காலியான தெருவில் வெயில் மஞ்சளாகிக்கொண்டே போனது. ஆன்ட்டி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். ஒரு ஆட்டோ திரும்பியது. அதிலிருந்து ஒரு குண்டு மனிதர், தோளில் பையோடு, சட்டையைச் சரிசெய்தபடியே ஓடி வந்தார்.

"பத்து!" என்று ஆன்ட்டி கத்திய கத்தலில் மாடியிலிருந்து அங்கிள் இறங்கி வந்துவிட்டார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். தம்பி கையசைத்தார், திரை இருண்டது. ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தடியன், அடுத்த வருஷம் மொத நாளே போவச் சொல்றேன்" என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாராவது இந்தியாவுக்கு டிக்கெட் போட்டால் ஆன்ட்டிக்குத் தகவல் போய்விடும். இந்த வருடம் ஜெபப் புத்தகங்களைக் கொண்டு போனவர் எதிர் வீட்டுக் கீழக்கரை பாய். பெட்டியில் போட ஆன்ட்டி ஆயத்தமானபோது அவர் தடுத்தார்.

"வேதம் ஆன்ட்டி, கீழ லக்கேஜ்ல போகக்கூடாது. நான் கையிலேயே வெச்சுக்கறேன்."

சொன்னபடியே புது வெள்ளைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.