படகுச் சட்டத்தின் ஆறு கால்கள்

வாய்க்கால் ஓரத்துக் குடிசையின் கொல்லையில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே, வரிசைக்கு மூன்றாக ஆறு பூவரசங்கால்கள் நின்றன. நான் சர்வேயர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முத்துப்பேட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சங்கிலியும் அளவுப் புத்தகமுமாகக் காலை பத்து மணிக்கு வரப்பில் போய் நின்றபோது முதலில் கண்ணில் பட்டவை அவைதான். வீட்டில் ஏதோ விசேஷம், பந்தல் போடுகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் யார் பந்தல் போடுவார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு அப்போது எனக்குப் புத்தி இல்லை.

அந்தக் குடிசைக்காரர் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டு ஊரே வேலைக்குப் போகாமல் நின்றதில், பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டது. அவருடைய மாமனார் ஊர் காயலோரம். அங்கே படகு கட்டுகிறவர்களோடு சில காலம் இருந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் படகு ஒன்றைக் கட்டிக்கொண்டால், பண்ணை வாசலில் போய் நிற்காமல் மீன் பிடித்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. படகைக் கவிழ்த்த வாக்கில் கட்டுவதற்கு முதலில் ஒரு சட்டம் நிறுத்த வேண்டும். ஆறு கால்கள் நட்டு, அவற்றின் மேல் இரண்டு நீளமான பனஞ்சட்டங்களைக் கிடத்தி, படகின் வயிற்றுக்கு ஏற்றாற்போல் வளைத்து அறுத்த பலகைகளைக் குறுக்கே நிறுத்துவார்கள். ஒரு கால் இரண்டு விரற்கடை ஏறி இருந்தாலும் படகு முறுக்கிக்கொண்டுவிடும். ஆயுசுக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே போகும். பண்ணை ஆட்கள் ஏற்கெனவே இரண்டு முறை அவருடைய கால்களைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். இது மூன்றாவது முறை.

பண்ணை நிலத்தில் குடியிருக்கிற விவசாயக் கூலிகளுக்கே குடிசையும் அதைச் சேர்ந்த கொல்லையும் சொந்தம் என்று அரசாங்கம் அப்போதுதான் உத்தரவு போட்டிருந்தது. நெல் விளைகிற நஞ்சை அதில் சேராது. கொல்லை எது, வயல் எது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. கொல்லை போய்விட்டால் அவருக்குப் படகு கட்ட இடமில்லை. மறுபடியும் பண்ணைக்குத்தான் போக வேண்டும். இது பண்ணை ஏஜெண்டுக்கும் நன்றாகவே தெரியும். ஆகவே நான் வருகிற நாள் பார்த்து, விடிந்ததும் வாய்க்கால் மடையைத் திறந்து கொல்லை நிறையத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"பாருங்க சார், அசல் நஞ்சை. சாகுபடி நேரத்துல இவன் முளை அடிச்சு ஆக்கிரமிச்சிருக்கான்" என்றார்.

குடிசைக்காரர் சண்டைக்கு வரவில்லை. கையில் ஒரு அடுப்புக்கரித் துண்டோடு தண்ணீருக்குள் குனிந்து, ஒரு காலில் தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் இறங்கி நடந்ததும் நிமிர்ந்தார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க சார். தண்ணி ஆடுது."

நின்றேன். ஏஜெண்டும் தன்னை அறியாமல் நின்றுவிட்டார். அரசாங்கமும் பண்ணையும் வாயை மூடிக்கொண்டு நிற்க, அவர் ஆறு கால்களிலும் நிதானமாகக் கோடு போட்டு முடித்தார். பிறகுதான் எனக்கு விளங்கியது. கொத்தனாரின் ரசமட்டம் அத்தனை தூரத்துக்கு எட்டாது. தேங்கிய தண்ணீரை மிஞ்சிய மட்டம் கிடையாது. கோட்டிலிருந்து மேலே இரண்டு முழம் அளந்து தலையை அறுத்துவிட்டால் ஆறு கால்களும் ஒன்றுபோல நிற்கும். கெடுக்க வந்த தண்ணீரை வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார்.

குடிசை வாசலில் நின்ற அவர் மனைவி, ஏஜெண்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வயலா இருந்தா தண்ணி இப்புடியா சார் நிக்கும்? அந்தக் காலுக்கிட்ட முழங்கால் தண்ணி, இந்தக் காலுக்கிட்ட கணுக்கால்கூட நனையல."

அளந்தேன். குடிசைப் பக்கத்துக் காலில் தரையிலிருந்து கோட்டுக்கு நாலு விரற்கடை. வாய்க்கால் பக்கத்துக் காலில் ஒரு முழத்துக்கு மேல். வருடா வருடம் பரம்படித்து நிரவுகிற வயலில் தண்ணீர் எங்கும் ஒரே ஆழத்தில்தான் நிற்கும். வாழ்நாளெல்லாம் வரப்பில் நடந்த ஏஜெண்டுக்கு இது தெரியாததல்ல, அவசரத்தில் மறந்துவிட்டார். ஆறு ஆழங்களையும் புத்தகத்தில் குறித்து, 'நிரவப்படாத கொல்லை' என்று எழுதினேன். ஏஜெண்டு குடையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். குடிசைக்காரர், "எழுதிட்டீங்கன்னா தண்ணிய வடிச்சிரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அன்று தலைகால் புரியாத பெருமை. அலுவலகத்தில் சக சர்வேயர்களிடம் இந்தச் சோதனையை விளக்கினேன். தண்ணீர் நின்றால் நாலு மூலையிலும் ஆழம் பாருங்கள், கொல்லையா வயலா என்று தெரிந்துவிடும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமும் சொன்னேன். எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் மூன்று கூலிக் குடும்பங்கள் குடிசை போட்டுக் குடியிருந்தன. ஏஜெண்டு முழித்த முழியை நடித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். மோரை ஊற்றிக்கொண்டே, "அவசரக்காரன். மேட்ட வெட்டிப் பள்ளத்துல போட்டு நிரவிட்டுல்ல தண்ணி விட்டிருக்கணும்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சொந்த ஊர் என்பதால் எங்கள் ஊரை அளக்க என்னை அனுப்பவில்லை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் போனார். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். அந்த மூன்று கொல்லைகளும் நஞ்சை என்று பதிவானதை அடுத்த மாதம் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். காரணத்தை அவர் ஓரத்தில் ஒழுங்காகக் குறித்திருந்தார்: 'நான்கு மூலையிலும் தண்ணீர் ஒரே ஆழம்.' பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே அளந்தேன் சார்" என்றார்.