காலையில் விழும் பள்ளம்

எண்பதுகளோட கடைசியில, கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்துலயே, ஒரு கம்ப்யூட்டரை மெத்தையில சுத்தி போடியிலிருந்து ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்த மருமக நான். குரங்கணிக்கு மேல மாமனாருக்கு ஏலத்தோட்டம். பறிச்ச காயை ஸ்டோர்ல, அதான் உலர்த்துற அறையில, பரப்பிக் கதவை அடைச்சிட்டு வெளியே அடுப்பு மூட்டுவாங்க. சூடு கூடினா காயோட பச்சை போயிரும், குறைஞ்சா ஈரம் தங்கிரும்.

அந்தச் சூட்டை அளக்க மைக்ரோகன்ட்ரோலர்னு ஒரு சின்னக் கருவியை அறைச் சுவத்துல மாட்டினேன். அது சீரியல் வயர்ல நம்பரை அனுப்பிக்கிட்டே இருக்கும். பக்கத்து அறையில கம்ப்யூட்டர். வர்ற நம்பரை வாங்கிக்க, மொத்த மிசினையும் ஓட்டுற யுனிக்ஸ் கெர்னலுக்குள்ள, டிரைவர்ங்கிற புரோகிராமை நானே எழுதினேன். மத்த புரோகிராம்ல தப்பு விட்டா அது மட்டும் நிக்கும், கெர்னல்ல தப்பு விட்டா மிசினே மல்லாந்துரும். எத்தனை தடவை மல்லாத்தினேன்னு மட்டும் கேக்காதீங்க.

"இந்த லோடு காயுறதுக்குள்ள நம்பர் ஒழுங்கா வரணும். இல்லைன்னா மிசினைக் கீழ அனுப்பிரு ஆத்தா"ன்னுட்டார் மாமா. மதுரையில பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு வந்த எனக்கு மிச்சம் இருந்த சோலி அது ஒண்ணுதான். அதுவும் போனா செத்தேன்னு இருந்தது.

எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா தினமும் விடிஞ்ச கொஞ்ச நேரத்துல திரையில சூடு தொபுக்குன்னு இறங்கும், பெறகு மெல்ல ஏறும். டிரைவர் எங்கயோ நம்பரைத் தவறவிடுதுன்னு நினைச்சு மாத்தி மாத்தி எழுதினேன். வயரைப் பிடுங்கி மாட்டினேன். கிரகம், அது பாட்டுக்கு இறங்குச்சு! வெறுத்துப்போயி, திடீர்னு இறங்குற நம்பரையெல்லாம் குப்பைன்னு தள்ளிவிட டிரைவர்ல நாலு வரி சேத்துருவோமான்னு கை பரபரத்துச்சு.

அத்தைதான் ஆறுதல். காலையில என் ஸ்வெட்டரைக் கொண்டாந்து தோள்ல போட்டு, "மொதல்ல காப்பியைக் குடி"ம்பாங்க. மழையில எல்லாத் துணியும் நசநசன்னு கிடக்கும், அது மட்டும் வெதுவெதுன்னு ஏலக்காய் வாசத்தோட இருக்கும். அந்த வீட்டுல தலையணையே ஏலக்காய் வாசம்தான், அதனால நான் யோசிக்கல.

ஒருநாள் காலையில மாமாவே வந்து பின்னால நின்னார். சொல்லி வச்ச மாதிரி நம்பர் இறங்குச்சு.

"அடுப்பு திகுதிகுன்னு எரியுது, இது குளிருதுங்குது. கட்டி வையி ஆத்தா. ஜீப்பு வருது."

வாசல்ல அத்தை, கையில ஸ்வெட்டரோட. காய் காயுறப்ப மாமாவைக் கேக்காம யாராவது அறைக்கதவைத் தொட்டா வீடு ரெண்டாயிரும். அது தெரிஞ்சும் அத்தை வாயைத் திறந்தாங்க.

"மிசினை ஏன் வையிறீக? கதவைத் தொறந்தது நாந்தேன். தெனமும் விடிஞ்சதும் இதை உள்ள போட்டுக் காயவச்சு எடுக்குறேன். பிள்ளை வெறைச்சுப்போயி உக்காந்திருக்கா, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீகளா?"

மாமா அத்தையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். என்ன ஆகப்போகுதோன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். "அப்ப இது சரியாத்தேன் சொல்லியிருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெளிய போனார். அன்னைக்கே அடுப்புக்கு மேல ஸ்வெட்டருக்குன்னு ஒரு ஆணி அடிச்சார். மிசின் தங்கிருச்சு.

அதுக்கப்புறம் காலையில சூடு இறங்கல. ஆனா காப்பி நேரம் வந்தா என் கண்ணு திரையில அந்தப் பள்ளத்தைத்தான் தேடும். நல்லவேளை, அந்த நாலு வரியை எழுதல. எழுதியிருந்தா, குப்பைன்னு நான் தள்ளியிருப்பது அத்தையைத்தான்.