கற்படிக்குக் கீழே போகும் ரயில்

தெருமுனை டெய்லருக்கு ரயில் பைத்தியம் பிடித்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. மலைச்சரிவிலும் கல்குவாரியிலும் ஒல்லித் தண்டவாளத்தில் கொழுத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுமே, அந்தக் குறுகிய பாதை ரயில். அதைச் செருப்பு நீளத்துக்குச் சுருக்கி வீட்டுப் பின்புறத்து மண்ணில் ஓடவிடுவதுதான் அவருடைய விளையாட்டு.

இதில் இறங்குகிற பலர் எடுத்த எடுப்பில் பெரிய என்ஜினை வாங்கிவிட்டு, தண்டவாளத்துக்குக் காசில்லாமல் அதை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். டெய்லர் அகலக்கால் வைக்கிற ஆளில்லை. யாரோ சலித்துப்போய் விற்ற பேட்டரி என்ஜின், ஒரு சுற்றுக்கு மட்டும் தண்டவாளம், கொஞ்சம் சக்கரங்கள். வாங்கியது அவ்வளவுதான். பெட்டிகளைக் கோக்க பேன்ட் கொக்கி. பீப்பாய்களுக்கு நூல் தீர்ந்த உருளைகள். தார்ப்பாய்க்குக் கோட்டு உள்துணி. ஐஸ் குச்சிகளை ஒட்டி ஒட்டியே நீளமாக ஒரு பயணிகள் பெட்டி செய்தார். அதுதான் அவருடைய செல்லப்பிள்ளை.

வில்லங்கம் மைத்துனன் வடிவில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கை காற்றில் வண்டி ஓட்டும். அதனால் வீட்டில் அவன் பெயர் ‘ஸ்டியரிங்’. பழைய கார் ஒன்றை விலை பேசியிருந்தான்.

“அக்கா, பின்னாடி சிமெண்ட் போட்டா கார் அழகா நிக்கும். மாமா பொம்மைய பரண்ல ஓட்டட்டும்.”

“பரண்ல ஓட்ட அது என்ன எலியா, மாப்ள?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றாள் மனைவி. “ஏங்க, ஞாயித்துக்கிழமை இவன் காரோட வரான். அன்னைக்கு உங்க ரயில் கை படாம அஞ்சு சுத்து வரட்டும். வந்தா இடம் உங்களுது. கவுந்துச்சுன்னா இவனுது. ஆனா ஒண்ணு, துணி காயப்போட நான் போற வழிய மறிக்கக் கூடாது.”

“அஞ்சு என்ன, அம்பது சுத்து வரும்!”

அவள் கொடிக்குப் போகும் வழியில், வளைவு திரும்புகிற இடத்தில் தண்டவாளம் குறுக்கிட்டது. இருபுறமும் செங்கல் தூண் கட்டி, மேலே பலகைக்கல் போட்டுப் படியாக்கினார் டெய்லர். மேலே மனைவி, கீழே ரயில். கழுத்து டேப்பை எடுத்துப் பெட்டியின் அகலத்தை அளந்து, உடம்போடு ஒட்டின சட்டை மாதிரி கச்சிதமாக இடம் விட்டு, சிமெண்டும் பூசிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார். என்ஜின் போனது. பீப்பாய் வண்டி போனது. பயணிகள் பெட்டி தூணில் மூலையை இடித்துக் கவிழ்ந்தது. நிமிர்த்தி விட்டார். மறுபடி கவிழ்ந்தது. தூணை உடைத்தால் படி போகும். படி போனால் மனைவியின் வழி போகும். வழி போனால் இடமே போகும்.

“என்னங்க, இன்னைக்கே கவுந்துடுச்சா?” என்றாள் மனைவி, துணி உதறியபடி.

“அளவு சரியாத்தான் இருக்கு.”

“அத தூண்கிட்ட சொல்லுங்க.”

பதில் சொல்வதற்குள் கடையிலிருந்து வாடிக்கையாளர் குரல் கொடுத்தார். புது பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கச்சிதம். டெய்லர் வழக்கம்போல், “உக்காந்து பாருங்க சார்,” என்றார். உட்கார்ந்ததும் முழங்காலில் துணி இறுக்கிப் பிடித்தது.

டெய்லர் தொடையில் தட்டிச் சிரித்தார். “நிக்கிறப்ப அளவெடுத்துட்டேன்!”

“என் பேன்ட்டுக்கா?”

“பேன்ட்டுல துணி இருக்கு சார், பிரிச்சு விட்டுடலாம். நான் சொல்றது ரயில!”

பெட்டியை அவர் அளந்தது நேர்ப்பாதையில் நிற்கும்போது. தூண் நிற்பதோ வளைவில். வளைவில் திரும்பும் பெட்டி மூலையை வெளியே நீட்டும். பெட்டி நீளமானால் நீட்டலும் அதிகம். சட்டை தைக்கிறவர் முழங்கை மடங்கும் என்பதை மறப்பாரா? ரயிலுக்கு மறந்திருந்தார். நேரே பின்புறம் போய் ரம்பத்தை எடுத்தார்.

“ஐயோ, எத்தனை நாள் ஒட்டினது!” மனைவியே பதறினாள்.

“ஒரு ஜன்னல்கூட போகல. பெட்டிதான் ரெண்டாச்சு.”

ஆளுக்கு இரண்டு அச்சு, நடுவே ஒரு பேன்ட் கொக்கி. இரண்டு குட்டிப் பெட்டிகளும் வளைவில் தூணைத் தொடாமல் நழுவின.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் காரை வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான். முதல் சுற்று, இரண்டு, மூன்று. படிக்குக் கீழே ரயில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. நான்காவது முடிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“காலி வண்டி எது வேணா ஓடும் மாமா. சுமை ஏத்திப் பாரு!” ஓடுகிற பீப்பாய் வண்டியில் கார் சாவியைப் போட்டான்.

“அக்கா, பாத்துக்க!”

ரயில் வளைவில் திரும்பியது. படிக்குக் கீழே மறைந்தது. படிமேல் நின்றிருந்த மனைவி குனிந்து பார்த்தாள். டெய்லர் பார்க்கவேயில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மறுபக்கம் என்ஜின் வந்தது, சாவி வந்தது, குட்டிப் பெட்டிகள் இரண்டும் வந்தன. ஐந்தாவது சுற்றும் முடிந்தது.

மனைவி சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். “இந்தாடா. தெருவுல நெழலா ஒரு எடம் பாத்து நிறுத்து.”