ஏழு ட்ரேயும் ஒரு காட்டுமாடும்

மலர்க்கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் தோட்ட வேலை பார்ப்பவருக்குப் பசி, தூக்கம் இரண்டும் கிடையாது. அப்படி ஒரு மே மாதக் காலை. தனியார் தோட்டப் போட்டிக்கு அன்று மதியம் நடுவர்கள் வருகிறார்கள். காந்தலிலிருந்து பஸ் பிடித்து ரிசார்ட்டுக்குள் நுழைகிறேன், மல்லிகா சரிவில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றதுமே பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் அங்கே தோட்ட சூப்பர்வைசர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். மல்லிகா டெம்பரரி. ஆஃப் சீசன் வந்தால் டெம்பரரி ஆட்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அவள் புருஷனுக்குக் கூலி வேலை, இரண்டு பெண் பிள்ளைகள் கான்வென்டில் படிக்கிறார்கள். அந்த வருடம் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"போட்டில ஒரு கப்பு வாங்கிக் குடுங்க, மல்லிகாவ பர்மனென்ட் பண்ணிடறனுங்க."

வாசலுக்கு எதிர்ச் சரிவில் சிமென்டில் ஏழு மேடை கட்டியிருந்தோம். மேடைக்கு ஒரு ட்ரே, ட்ரேக்குள் சிவப்புச் செடியை நட்டு ஓர் ஆங்கில எழுத்து. சேர்த்துப் படித்தால் BLOSSOM. செடி வளர வளர எழுத்து கலையும் என்பதால் தினமும் கத்தரிக்க வேண்டும். அந்த சீசன் முழுக்க மல்லிகா முழங்காலில்தான் நின்றாள்.

அன்று விடிவதற்குள் ஒரு காட்டுமாடு வேலியைத் தாண்டி வந்து, சரியாக நடுவில் நடந்து போயிருக்கிறது. இரண்டு S-உம் சட்னி. மற்ற ஐந்தும் துளிகூடக் கலையவில்லை.

"என் தலையெழுத்து அவ்வளவுதானுங்கக்கா" என்றாள் மல்லிகா. எனக்குக் கோபம் வந்தது. மாட்டின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? மேனேஜர் பிரசன்னாவின் மேல் பட்டேன். சின்ன வயதுக்காரர், நல்ல மனுஷர். ஆனால் பதற்றம் வந்தால் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பதோடு சரி.

புதிதாக S நட்டுக் கத்தரிக்க நேரமில்லை. நாற்று வளர்க்கும் நெட் ஹவுஸில் போன வருடம் GARDENS என்று வைத்த ட்ரேக்கள் கிடந்தன. அவற்றையும் உறைபனி கருக்கிவிட்டது. பிழைத்தவை R, E, D மூன்றும்தான், அவையும் கொஞ்சம் கறுத்துப்போய். ஆக கையில் எட்டு எழுத்து, நிரப்ப வேண்டியது ஏழு மேடை. ஒரு மேடை காலியாக இருந்தாலும் பல் போன வாய் மாதிரி தெரியும். இருக்கும் எழுத்துகளை வைத்து ஏழெழுத்து வார்த்தை ஒன்று வேண்டும்.

எழுத்துகளைக் கொடுத்தால் வார்த்தை தேடித் தரும் வெப்சைட் இருக்கிறது என்றார் பிரசன்னா. சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேலேதான். ஏறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து முதல் வார்த்தை வந்தது: BOREDOM. கணக்கெல்லாம் சரி. அர்த்தம்தான் சலிப்பு.

"ஏனுங்க சார், காசு குடுத்துத் தங்க வர்றவங்கள வாசல்லயே சலிப்புன்னு எழுதி வெச்சுக் கும்பிடறதுங்களா?" என்று கேட்டேன். லிஸ்டில் வந்ததைச் சொன்னேன் மேடம் என்றார் பரிதாபமாக.

அடுத்தது BLOOMER. பூக்கிற செடி என்று விளக்கம் வேறு. மல்லிகா அந்த நிலைமையிலும் பக்கென்று சிரித்துவிட்டாள். கான்வென்டில் பெண்ணைப் படிக்கவைக்கும் எந்த அம்மாவுக்கும் ப்ளூமர் என்றால் யூனிஃபார்ம் பாவாடைக்குள் போடும் நிக்கர். பிரசன்னாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாவம்.

மூன்றாவதாக BLOOMED என்றார். பூத்தாயிற்று. இறங்கி வாங்க சார், அதேதான் என்றேன். மூன்று பேருமாக ட்ரேக்களைத் தூக்கி நகர்த்தியதில் என் இடுப்பு கழன்றுவிட்டது.

மதியம் நடுவர்கள் வந்தார்கள். அதில் மூத்த அம்மாள் ஒருவர், கடைசி இரண்டு எழுத்து மட்டும் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டார். பிரசன்னா டிசைன், அது இது என்று ஆரம்பித்தார். நான் மல்லிகாவை முன்னால் தள்ளினேன்.

"காட்டுமாடு மிதிச்சிருச்சுங்கம்மா. மிச்சமிருந்ததுல ஆனதச் செஞ்சிருக்கறோம்" என்றாள்.

அந்த அம்மாள் குனிந்து, மற்ற ஐந்து எழுத்தின் ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் பரிசுக் கப் கிடைத்தது. ஃபர்ஸ்ட் வரும் என்றல்லவா நினைத்தேன் என்று முதலாளி இழுத்தார். கப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆர்டர் டைப்பாகி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு மல்லிகாவிடம் நீட்டியவர், இப்போது சந்தோஷமா என்று கேட்டார்.

"சந்தோசந்தானுங்க. கீழ்ப்பக்க வேலி தாழ்வா இருக்குதுங்க. காட்டுமாடு கொஞ்ச நாளாவே அங்க வந்து நின்னுட்டுப் போச்சுங்க. அத ஒசத்தோணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும், இதை ஏன் முன்பே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கொற சொல்ற டெம்பரரிய யாருங்கக்கா வெச்சுக்குவாங்க?"

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் ஆள் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தால், வேலி தாழ்ந்திருப்பது உங்களுக்கு மாடு வந்து சொல்லித்தான் தெரியும்.