நாலாம் காம்பராவுக்குச் சொல்லாத சேதி

1963ஆம் வருஷம் மாசி மாதம், மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்குக் கொழும்பிலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். ஏழை எளியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அரசாங்கம் கணக்கெடுக்கிறதாம். பன்னிரண்டு வீடுகளில் சீட்டில் விழுந்தது நாலாம் காம்பரா ஒன்றுதான். அது பேச்சியம்மாவின் வீடு.

ஐந்தாம் காம்பரா நாகலெட்சுமியுடையது. இருவரும் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள். லயத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பெண் நாகலெட்சுமி ஒருத்திதான். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அதனால் அன்று பக்கத்து வீட்டில் கேட்டதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

"புள்ளைங்களுக்குத் தெனமும் பாலு குடுக்குறேங்க" என்றாள் பேச்சியம்மா. பாலில்லாத சாயத்தண்ணி குடித்து வளரும் பிள்ளைகள்! நாகலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. வெளியே வந்த உத்தியோகத்தரை மறித்தாள்.

"ஐயா, எங்க கூரையுந்தான் ஒழுகுது. எங்களையும் எழுதிக்கங்க."

"உங்க நம்பர் விழல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பேச்சியம்மாவின் வாயை அடக்க முடியவில்லை. "எங்க வீட்டுச் சங்கதி புஸ்தகத்துல வரப்போவுது. படிச்சவ வீட்டுக்கு யாரு வந்தா?" என்று தேயிலைச் செடி நிரையில் நின்று சிரிப்பாள்.

அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று நாகலெட்சுமி முடிவு செய்தாள். அரசாங்கப் புத்தகங்கள் மஸ்கெலியா வாசிகசாலைக்கு வரும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். உள்ளே ஒரு பெண்கூட இல்லை. வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டவர் சரிபுதீன். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள்.

"நானா, தோட்டத்து ஜனங்களப் பத்தின புஸ்தகம் வந்துருச்சா?"

"இன்னும் வரல்ல தங்கச்சி. எண்ணி, கூட்டி, அச்சடிக்க வாணாமா? வந்ததுக்கு இதுகள வாசிச்சிட்டுப் போங்க" என்று தமிழில் அச்சிட்ட அரசாங்கத் துண்டுப் பிரசுரங்களை எடுத்து வைத்தார்.

மாதம் ஒருமுறை போனாள். புத்தகம் வரவில்லை, பிரசுரங்கள் வந்தன. ஒன்றில், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போயிருந்தால் பிந்தியும் பதியலாம் என்று போட்டிருந்தது. தோட்டத்து ஆபீசில் விசாரித்தாள். அவளுடைய மகளின் பெயர் விட்டுப்போயிருந்தது. புருஷன் சோலைமலையோடு பல தடவை அலைந்து பத்திரத்தை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

பேச்சியம்மாவுக்கும் பெண்பிள்ளை இருக்கிறது. ஒருநாள் மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நாகலெட்சுமி சொல்ல வாயெடுத்தாள். "புஸ்தகத்துல வர்ற ஆளுக்கு வழிவிடுங்கடி" என்று குடத்தோடு இடித்துக்கொண்டு வந்தாள் பேச்சியம்மா. அரசாங்கமே வந்து விசாரித்த வீடுதானே, அரசாங்கமே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள் நாகலெட்சுமி.

அடுத்த வருஷக் கடைசியில் புத்தகம் வந்தது. இங்கிலீஷ். சரிபுதீன் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

"பேச்சியம்மா பேரு எந்தப் பக்கத்துல?"

"பேர் போட மாட்டாங்க. பால் வாங்குற வீடு இவ்வளவு, படிக்காத பொம்பளைங்க இவ்வளவு எண்டு எண்ணிக்கைதான்."

"அந்த எண்ணிக்கையில அவ இருக்காளா?"

"ஈக்கிறா. நீங்களும் ஈக்கிறீங்க. ஒரு வீட்டக் கேட்டு, அதப்போல உள்ள எல்லா வீட்டுக்கும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க."

ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் தன் வீட்டுக் கதையையும் பேச்சியம்மாவின் வாய்தான் சொல்லியிருக்கிறது, அதுவும் பாலோடு, என்று நினைத்தபோது முன்னைவிட அதிகமாக எரிந்தது.

தை மாதம் பேச்சியம்மாவின் மகள் தெய்வானையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். இல்லை. பேச்சியம்மா அழுதுகொண்டு ஐந்தாம் காம்பராவுக்கு வந்தாள். "நீதான் படிச்சவ. ஒரு வழி சொல்லு."

நாகலெட்சுமி அவளை வாசிகசாலைக்குக் கூட்டிப்போனாள். சரிபுதீன் அதே பிரசுரத்தை எடுத்தார். "இத நாகலெட்சுமி எப்பவோ வாசிச்சி, மகளுக்கும் பத்திரம் எடுத்தாச்சே. ஒரே லயத்துல ஈந்து உங்களுக்குச் சொல்லல்லையா?"

பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள். மறந்துபோச்சு என்ற பொய் நாகலெட்சுமியின் நுனிநாக்குவரை வந்தது.

"வேணும்னுதான் சொல்லல."

"ஏன்டி?"

"ஒங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்க வீட்டுக்கு வரல."

பேச்சியம்மா பிரசுரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

பத்திரம் கைக்கு வர ஆவணியாகிவிட்டது. தெய்வானைக்கு ஒரு வருஷம் வீணாய்ப் போனது. காலையில் அம்மாவின் பின்னால் கொழுந்து மலைக்குப் போகும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொள்வாள். சரிபுதீனிடம் கேட்டுப் பிரசுரங்களை லயத்துக்கே கொண்டுவந்து, பீலிக்கரையில் நின்று எல்லோருக்கும் உரக்க வாசித்தாள். ஆரம்பத்தில் குடம் நிறைந்ததும் போய்விடுவாள் பேச்சியம்மா. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

அடுத்த தையில் தெய்வானை பள்ளிக்கூடம் சேர்ந்து, முதல் தவணையிலேயே வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஒரு வருஷம் முந்திச் சேர்ந்திருந்த நாகலெட்சுமியின் மகளுக்கு அவள் வகுப்பில் ஒன்பதாவது இடம். அன்று நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் படிக்கப் பணம் தரும் உபகாரச் சம்பளப் பரீட்சை பற்றிய பிரசுரம் ஒன்று வந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகுமுன் நாலாம் காம்பராக் கதவைத் தட்டினாள்.

"என்னா?" என்றாள் பேச்சியம்மா.

"ஒக்காரு. வாசிக்கிறேன்."