வெளித்தாழ்ப்பாள்

இது நடந்த கதை. அதுவும் பட்டப்பகலில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் பகலிலாவது நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும். சௌம்யாவால் இனி அது முடியாது.

சௌம்யாவுக்கு முப்பத்திரண்டு வயது. சென்னீர்குப்பத்தில் ஃப்ளாட், ஐ.டி. கம்பெனியில் வேலை, மூன்று வயதில் பவ்யா என்று ஒரு பெண். அப்பா ரகுநாதன் ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அப்புறம் அவரும் அம்மா வனஜாவும் சௌம்யாவோடு வந்து இருப்பதாக ஏற்பாடு. லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் மறுபடி ஆபீஸ் போகிறாள். பவ்யாவை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவை விட்டால் வேறு ஆளில்லை.

இத்தனைக்கும் அந்த அம்மா, பெற்ற பெண்ணை ஒரு நாள் மடியில் போட்டுக் கொஞ்சியதில்லை. தலை வாரிவிடும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டார். சௌம்யா இதை யாரிடமும் சொன்னதில்லை. வயிற்றெரிச்சலை வெளியே கொட்டி என்ன ஆகப்போகிறது?

சனிக்கிழமை, மதியம் 2.10. பவ்யாவைப் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, மூட்டை கட்ட உதவலாம் என்று வந்தாள். குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு. விருந்தாளிகள் வீடு மாறி நுழைந்து, யார் வீட்டிலோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அசடு வழிவது அங்கே சகஜம். அங்கேயே வளர்ந்த சௌம்யாவுக்கு அந்தத் தப்பு நேர்ந்ததில்லை. அன்றைக்கு ஆபீஸ் ஆளோடு போனில் பேசிக்கொண்டே நடந்தாள். கால் தானாகப் போனது.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. சமையலறையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேம்மா."

அம்மா திரும்பவில்லை. அது ஒன்றும் புதுசில்லை. சௌம்யா போன் பேச்சை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

கூடத்தில் ஒரு மூட்டைகூட இல்லை. சுவிட்சுகள் கறுப்பாக, குண்டாக, ஏதோ பழைய காலத்தவை. அம்மாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. கறுகறுவென்று... அம்மாவுக்குத் தலை நரைத்துப் பல வருடம் ஆகிறது.

2.31. டொக்... டொக்...

குளியலறைக் கதவு. உள்ளே இருந்து யாரோ தட்டினார்கள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"தொறம்மா... இனிமே செய்ய மாட்டேம்மா..."

குழந்தைக் குரல். சமையலறையில் துலக்கும் சத்தம் நிற்கவில்லை. கரக்... கரக்...

2.34. சௌம்யாவின் போன் அடித்தது. திரையில் 'அம்மா'.

"எங்கடி இருக்கே? அப்பா வாசல்லயே நிக்கிறாரு."

காதில் அம்மா. கண் முன்னாலும் அம்மா.

ஓடிவிடு என்றது மனசு. கை கேட்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள் இறுகிப்போனது, மேலே தூக்கி இழுத்தால்தான் வரும். அது எப்படித் தெரியும் அவளுக்கு?

தூக்கினாள். இழுத்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

ஆனால்... ஈரமாக ஏதோ அவள் முழங்காலை உரசிக்கொண்டு ஓடியது.

தெருவில் வந்து விழுந்தவளைத் தூக்கிவிட்டவர் வாட்ச்மேன் பூபாலன்.

"இன்னா மேடம், அங்க எப்டி பூந்தீங்க? அந்த ஊடு எட்டு வருசமா பூட்டிக்கீது."

திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கதவில் துருப்பிடித்த பூட்டு. பதினேழாம் நம்பர். அவர்கள் வீடு நாற்பத்திரண்டு.

3.05. நடந்ததைக் கேட்ட ரகுநாதன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சௌமி, உனக்கு அஞ்சு வயசு வரைக்கும் நாம அந்த வீட்லதான் இருந்தோம். உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. தீபிகா. விளையாட்டா நீ அவளைப் பாத்ரூம்ல விட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்ட. உள்ள தண்ணி டிரம்மு..." அவர் மூக்கைச் சிந்தினார். "அப்புறம் இன்னொருத்தரோட வீட்டை மாத்திக்கிட்டோம். போட்டோவெல்லாம் எரிச்சுட்டேன். நீயும் மறந்துட்ட. நல்லதுன்னு விட்டுட்டோம்."

சௌம்யா குமுறி அழுதாள். "அவதாம்பா கூப்பிட்டா. இனிமே செய்ய மாட்டேன்னு கெஞ்சினா."

"அவளுக்கு மூணு வயசாகியும் பேச்சு வரல," என்றார் வனஜா, சுவரைப் பார்த்தபடி. "கெஞ்சினது நீ."

"வனஜா!"

"அவ போனப்புறம் தினமும் ஒன்னை அதே பாத்ரூம்ல போட்டுப் பூட்டினேன். ஒங்கப்பாவுக்கு ஷிஃப்ட் முடியற வரைக்கும். அவருக்கே தெரியாது."

இந்த முகம் ஒரு தடவை தன்னைப் பார்க்காதா என்று ஏங்கிய வருடங்களை நினைத்தாள் சௌம்யா. வாயெல்லாம் கசந்தது. துக்கத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

"திங்கட்கிழமை நீ வர வேணாம்மா. பவ்யாவை நான் பாத்துக்கறேன். வேலை போனா போகட்டும்."

வனஜா தலையாட்டினார். கோபமில்லை. எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது.

சௌம்யா செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்தினேன்னு நீ கேக்கலையே? கடைசி நாள், தொறக்கவே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். நீ தட்டத் தட்ட பாத்திரம் துலக்கிக்கிட்டே இருந்தேன். திடீர்னு தாழ்ப்பாள் சத்தம். நீ நனைஞ்சு போயி என் முன்னால வந்து நின்ன. வீட்ல வேற யாருமில்ல. யாருடி தொறந்தான்னு கேட்டேன்."

சௌம்யா திரும்பினாள். "நான் என்ன சொன்னேன்?"

"'பெரிய சௌமி தொறந்துச்சு'ன்னு சொன்ன. பொய் சொல்றியான்னு அதுக்கும் அடிச்சேன்."